தேயாத விளிம்பு

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

நான் சௌக்கியம். சர்க்கரை மட்டும் லிஃப்ட் மாதிரி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. உன் முதுகுவலி எப்படி? நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? இல்லை, அந்த உடைந்ததிலேயே தலையணை வைத்து உட்கார்ந்திருக்கிறாயா?

கடிதம் என்றதும் என்னவோ ஏதோ என்று பயப்படாதே. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நீ வைத்துவிடுகிறாய், இல்லையென்றால் நான் வைத்துவிடுகிறேன். போன தடவை இருவரும் ஒரே நேரத்தில் வைத்தோம். எழுதினால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அதனால் இனி கடிதம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வாட்ச்மேன்களோடு நான் ஆரம்பித்த கம்பெனியில் இன்று முந்நூறு பேர். ரயில் யார்டை ஒட்டிய பெரிய கிடங்குகள் எல்லாவற்றுக்கும் இனி நாங்கள்தான் காவல். ஆனால் எங்கள் அடையாளம் இன்னும் அச்சகத்துக்காரர் தன் பழைய அட்டவணையிலிருந்து எடுத்துக் கொடுத்த சிங்கம்தான். போன வாரம் கிடங்கு முதலாளி என் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பூனை நல்லா இருக்கே" என்றார். சிரிக்காதே.

ஊர் உலகத்துக்கெல்லாம் லோகோ போடுகிறாய். எனக்கும் ஒன்று போட்டுக் கொடு. சட்டை, தொப்பி, பெல்ட், போர்டு, வண்டி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து. இரண்டு வருடத்தில் பழசாகிப் போகிறதாக இருக்கக் கூடாது. குட்டி இப்போது மூன்றாம் வகுப்பு. அவள் படித்து முடித்து என் நாற்காலியில் வந்து உட்காரும்போதும் அதே அடையாளம் இருக்க வேண்டும்.

கேப்டனும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னான். பட்டாளத்தில் இருந்து வந்தவன், என் ஆட்களுக்கெல்லாம் மேலாள். நான் வாயால் பத்துத் தடவை சொல்வதை அவன் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான்.

உடம்பைக் கவனித்துக்கொள். பதில் போடு, திட்டியாவது போடு.

தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

முதுகும் அப்படியே, நாற்காலியும் அப்படியே. நீ மாத்திரையை நீயாக எடுத்துப் போடுகிறாயா, இல்லை உன் மனைவி தண்ணீர்த் தம்ளரோடு பின்னாலேயே வர வேண்டியிருக்கிறதா?

பூனையைப் பார்த்தேன். கிடங்கு முதலாளி மேல் தப்பில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். லோகோ என்பது படம் இல்லை. படம் அரைநாள் வேலை. முப்பது வருடம் நிற்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு முறை வேண்டும். நிறம் வெயிலில் வெளுத்துவிடும், எழுத்தின் பாணி மாறிவிடும், கம்பெனியின் பெயரைக்கூட நாளைக்கு நீ மாற்றலாம். மாறாமல் நிற்பது விகிதம் மட்டும்தான்: எதற்கு எது எத்தனை மடங்கு என்பது. அதை நான்கு வரியில் எழுதி வைத்துவிட்டால், என் காகிதத்தையெல்லாம் கரையான் தின்ற பிறகும் யாரோ ஒருவர் அளவுகோலை எடுத்து அதே அடையாளத்தை மறுபடி வரைந்துவிடலாம்.

உனக்கு நான் போட்டிருப்பது நிமிர்ந்த மூன்று தடித்த கோடுகள். நடுக்கோடு மட்டும் குட்டை. இரண்டு பேர் நிற்கிறார்கள், நடுவில் வழி இருக்கிறது. காவல் என்றால் அடைப்பது மட்டுமா, உரியவரை உள்ளே விடுவதும்தானே. கோட்டின் அகலம் ஒன்று என்றால் இடைவெளி அரை. ஓரக்கோடுகளின் உயரம் ஐந்து என்றால் நடுக்கோடு மூன்று. நடுக்கோட்டின் தலையைப் பதினோரு டிகிரி சாய்த்து வெட்டியிருக்கிறேன். பத்து சோம்பலாகத் தெரிந்தது, பன்னிரண்டு பதற்றமாகத் தெரிந்தது. மூன்று கோடுகள் உலகத்தில் எங்கும் இருக்கும். பதினோரு டிகிரியோடு இருந்தால் அது உன்னுடையது.

என் வழக்கமான சோதனைகளையும் செய்து பார்த்துவிட்டேன். சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருக்கினேன், சுவர் அளவுக்குப் பெருக்கினேன். ஈரக் களிமண்ணில் அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். நிறமோ வெளிச்சமோ தேவையில்லை, அழுத்தத்திலேயே தெரிகிறது. இத்தனை வருடத்தில் நான் போட்டதில் இதுதான் நல்லது என்று தோன்றுகிறது. அது போயும் போயும் உனக்கு வாய்த்திருக்கிறது பார்.

குட்டிக்கு என் முத்தம். இந்த அளவுகளையும், எதில் எப்படிப் போட வேண்டும் என்பதையும் எழுதிய விதிப்புத்தகம் தனியாக வரும். அதை ஒருவரி விடாமல் படி.

அக்கா


மார்ச் 28

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். சர்க்கரை இந்த மாதம் அடக்கமாக இருக்கிறது. உனக்குப் புது நாற்காலி ஒன்று அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பினால் மறுபடியும் அனுப்புவேன்.

புதுத் தொப்பியும் சட்டையுமாக நம் ஆட்கள் கிடங்கு வாசலில் வரிசையாக நின்றதை எதிர்ப்பக்கம் போய் நின்று ரொம்ப நேரம் பார்த்தேன். நேற்று வரை "ஏய் வாட்ச்மேன்" என்று கூப்பிட்ட லாரிக்காரர்கள் இன்று வண்டியை ஓரங்கட்டி நிறுத்துகிறார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான். மூன்று கோட்டுக்கு இவ்வளவு சக்தியா என்று ஆச்சரியமாக இருக்கிறது.

சுமை தூக்குகிறவர்கள் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கொஞ்ச நாளாக வாசலில் கூடுகிறார்கள். சின்னத் தள்ளுமுள்ளுதான், கவலைப்படாதே. அவர்களுக்குத் தலைவன் மாதிரி ஒருவன் இருக்கிறான், நெட்டை என்று கூப்பிடுவார்கள். ஆள் ஆறடி, வாய் எட்டடி. நம் லோகோவை உற்றுப் பார்த்துவிட்டு, "என்னய்யா, நடுவுல நிக்கிறவனுக்கு மட்டும் சோறு போடலையா?" என்று கேட்டான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கேப்டனுக்கு வரவில்லை.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பெல்ட் பக்கிளைத் தகரத்தில் அடித்தோம், வளைந்து வளைந்து போகிறது. இரும்பில் வார்க்கலாம், கோடுகள் மேலே எழும்பி நிற்கட்டும் என்கிறான் கேப்டன். "சார், கையில எடுத்தா கனம் தெரியணும்" என்பது அவன் கணக்கு. எனக்கும் சரியென்றே படுகிறது. வரைபடம் போட்டு அனுப்பு.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

நாற்காலி வந்தது. உட்கார்ந்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது. நீ நடக்கிறாயா? சர்க்கரை அடங்கிவிட்டது என்று எழுதியதை வைத்து இனிப்பில் கை வைத்திருப்பாய் என்று தெரியும்.

நெட்டைக்கு நல்ல கண். என்னோடு வேலை செய்யும் நான்கு பேரும் அந்தக் குட்டைக் கோட்டைப் பார்த்துத் தலையைத் தலையை ஆட்டினார்கள், ஒருவருக்கும் இப்படித் தோன்றவில்லை. நான் கேட்டதாக அவனிடம் சொல்.

பக்கிளின் வரைபடம் இதோடு இருக்கிறது. இங்கே எனக்குத் தெரிந்த வார்ப்புப் பட்டறையிலேயே மாதிரி செய்து பார்த்தேன். பட்டறைக்காரர் ரொம்பப் படுத்திவிட்டார். "உக்காந்தா வயித்துல குத்தும்மா, விளிம்ப உருட்டிடலாம்" என்று ஒரே பிடிவாதம். உருட்டினால் பத்து வருடத்தில் தேய்ந்து மொட்டையாகிவிடும், பதினோரு டிகிரி எங்கே போயிற்று என்று தேட வேண்டிவரும். முடியாது என்றேன். வயிற்றில் குத்தினால் வயிற்றைக் குறைத்துக்கொள்ளட்டும் என்றேன். கோடுகள் இரண்டரை மில்லிமீட்டர் எழும்பி நிற்கின்றன, விளிம்பு கூர்மையாக இருக்கிறது. முப்பது வருடம் துணியில் உரசினாலும் மழுங்காது.

ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பு. பிறகு யாரும் அதில் கை வைக்கக் கூடாது, கேப்டன் உட்பட. உன் மனைவியின் பல்வலி என்னவாயிற்று என்று எழுது.

அக்கா


ஜூன் 30

அக்காவுக்கு,

நலம். இங்கே மழை விடவில்லை. குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்கவே மாட்டேன் என்கிறாள். உன் முதுகு எப்படி?

பக்கிளை மாற்றலாமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். வட்டமாக, கோடு எதுவும் இல்லாமல், வழுவழுப்பாக. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சீக்கிரம் வேண்டும்.

கிடங்கில் வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது, எல்லாரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். நெட்டையிடம் நீ கேட்டதாகச் சொல்லச் சொல்லியிருந்தாய். சொல்ல முடியவில்லை. போன வாரம் மழையில் லாரி மேலிருந்து விழுந்து இறந்துவிட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நெட்டையின் செய்தியைப் படித்துவிட்டு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. முகம் தெரியாத ஒருவனுக்காக இப்படி வருத்தப்படுவேன் என்று நினைக்கவில்லை. ஒரு கேலியில் மனிதன் மனதில் உட்கார்ந்துவிடுகிறான். அவன் வீட்டுக்குப் போனாயா? யார் யார் இருக்கிறார்கள்?

பக்கிள் விஷயத்தில் என் பதில், முடியாது. மாட்டி முழுசாக மூன்று மாதம்கூட ஆகவில்லை. முப்பது வருடம் நிற்க வேண்டும் என்று கேட்டவன் நீதான். அடையாளங்கள் செத்துப்போவது மோசமான வரைதலால் இல்லை, உன்னைப் போன்ற முதலாளிகளுக்கு ஆறாவது மாதத்தில் அலுத்துவிடுவதால்தான்.

இன்னொன்று. காரணம் ஒன்றும் இல்லை என்று நீ சொன்னால் பெரிய காரணம் இருக்கிறது என்று அர்த்தம். எட்டு வயதில் அப்பாவின் கடிகாரத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்து, கேட்காமலே "நான் கிணத்துப் பக்கமே போகல" என்று சொன்னவன் நீ. என்ன நடந்தது என்று எழுது.

அக்கா


ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் நலமாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் எனக்கு இன்று வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் என் ஸ்டூடியோவுக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும், நல்ல உயரம். கையில் உன் கம்பெனியின் விதிப்புத்தகம். உன்னிடம் வேலையை விட்டுப் போன செக்யூரிட்டி ஒருவன் கொடுத்திருக்கிறான். கடைசிப் பக்கத்தில் என் முகவரி இருக்கிறதே, அதைப் பார்த்து இரண்டு ரயில் மாறி வந்திருக்கிறாள். நெட்டையின் அக்கா. அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தது அவள்தானாம்.

"இத வரைஞ்சது நீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே சொல்லித் தொலைத்தேன். அவள் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிணவறையில் எடுத்தது. ஒரு மனிதனின் முதுகு, கழுத்திலிருந்து இடுப்பு வரை.

தோல் பல இடத்தில் கிழிந்திருந்தது. கிழியாத இடத்தில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. கறுத்த இடத்திலெல்லாம் மூன்று கோடுகள், நடுக்கோடு குட்டை. விலாவில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு. அங்கே எலும்பு உள்ளே போயிருந்தது. இடது காதுக்குக் கீழே ஒன்று தனியாக, முழுசாக. மொத்தம் பதினேழு. நான் எண்ணினேன்.

பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? டிரேசிங் தாளை எடுத்துப் போட்டோமேல் வைத்து, அவள் கண்முன்னாலேயே கோணத்தை அளந்தேன். பதினோரு டிகிரி. அந்த ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நன்றாகப் பதிந்திருக்கிறது என்று என் கண் நினைத்தது. என் கண்தான் நினைத்தது, தம்பி. அதன் பிறகு எழுந்து போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது அவள் என் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்த வேகத்தில் மைப்புட்டி கவிழ்ந்திருந்தது.

விளிம்பை உருட்டலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். வயிற்றில் குத்தும் என்றார். அந்தக் கூர்மைக்காக நான் ஒரு வாரம் சண்டை போட்டேன். உருட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பானோ என்று யாரைக் கேட்பது?

அவன் லாரியிலிருந்து விழவில்லை. எழுது.

அக்கா


ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். சாப்பாடு இறங்கவில்லை, சர்க்கரை முந்நூறைத் தாண்டிவிட்டது. நீ தூங்குகிறாயா?

நான் அன்றைக்கு அங்கே இல்லை. ஆபீசில் இருந்தேன். இதை நீ நம்ப வேண்டும். எல்லாம் கேப்டன் செய்தது. பயமுறுத்தத்தான் பெல்ட்டைக் கழற்றினார்களாம். ஐந்து பேர். அவன் மற்றவர்களைப் போல ஓடியிருந்தால் விட்டிருப்பார்கள். ஓடாமல் நின்று நியாயம் பேசினான். முதல் அடி காதோரம் விழுந்ததும் சகதியில் குப்புற விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தான். ஒரு செருப்பு கழன்றுவிட்டது. அடி விழ விழ அந்தச் செருப்பைத்தான் தேடினான் அக்கா, சகதிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தான். போதும், விடுங்கடா என்று நான் கத்தினேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இப்போது எல்லாம் அடங்கிவிட்டது. லாரியின் பின்கதவுக் கம்பி அழுத்திய தடம் என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது. இரும்புப் பக்கிள்களை எல்லாம் உருக்கியாயிற்று, அச்சையும் உடைத்தாயிற்று. எங்கள் ஆட்கள் போட்டது எப்போதும் துணி பெல்ட்தான் என்று சொல்லியிருக்கிறோம். மிச்சம் இருப்பது நான் கையெழுத்துப் போட்டு உனக்கு அனுப்பிய வரைபடம் ஒன்றுதான். அதை எரித்துவிடு. இந்தக் கடிதங்களையும் எரித்துவிடு.

அப்பா பெல்ட்டை உருவும்போதெல்லாம் நீ ஓடி வந்து என்மேல் விழுவாய். பாதி அடி உனக்கு விழும். உன் தோளில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. ஒரு தடவைகூட நான் உன்னைக் கூப்பிட்டது கிடையாது, நீயாகவே வருவாய். இப்போது கூப்பிடுகிறேன். இந்த ஒரு தடவை வந்து விழு அக்கா. குட்டியை நினைத்துப் பார்.

தம்பி


செப்டம்பர் 1

தம்பிக்கு,

உன் சர்க்கரையைக் குறைக்க வழி பார். டாக்டரிடம் போ. இதை உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஆபீசில் உட்கார்ந்திருந்தவன் மழையில் எப்படிக் கத்தினான்? அவன் எந்தக் கையால் செருப்பைத் தேடினான் என்று கேட்டால்கூட நீ சொல்வாய் போலிருக்கிறதே. நீ அங்கே இருந்தாய். உன் கடிதம் அப்படித்தான் சொல்கிறது. படித்துவிட்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். உன்னைக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது, உன் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது.

வந்து விழு என்கிறாய். விழுந்திருப்பேன். இந்தத் தடவை கீழே கிடந்தது நீ இல்லையே.

நெட்டையின் அக்கா ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறாள். பதினைந்தாம் தேதி அவர் இங்கே வருகிறார். வரைபடம் என் மேசையின் மூன்றாவது இழுப்பறையில் இருக்கிறது, அதுவரை அங்கேயே இருக்கும். உனக்கு இரண்டு வாரம் தருகிறேன். நீயாகப் போய் நடந்ததைச் சொல்லிவிடு. நீ சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியதே இல்லை. உனக்கு எதிராக என்னைப் பேச வைக்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், நான் கெஞ்சி நீ பார்த்திருக்க மாட்டாய்.

அக்கா


செப்டம்பர் 27

தம்பிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாக இருக்கும். சுருக்கமாக எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி, பகல் பதினொன்றரை மணி. நான்கு பேர். கதவைத் தட்டவில்லை, உடைத்தார்கள். எங்கே என்று என்னைக் கேட்கவில்லை. நேராகப் போய் மூன்றாவது இழுப்பறையைத் திறந்தார்கள். அதை நான் உனக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. ஒருவன் என் தலைமுடியைப் பிடித்து மேசையோடு அழுத்தினான். இன்னொருவன் என் வலது கையை அந்த இழுப்பறைக்குள் வைத்தான். மூன்றாமவன் காலால் உதைத்து மூடினான். திறந்தான், மறுபடியும் உதைத்தான். நான்கு தடவை. விரல் ஒடிவது பென்சில் ஒடிவது போலத்தான் கேட்கிறது, கொஞ்சம் ஈரமாகக் கேட்கிறது. "இனி வரைய மாட்டீங்கல்ல?" என்று ஒருவன் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். நான் தரையில் கிடந்தேன், என் கண்ணுக்கு நேராக அவன் பக்கிள் இருந்தது. வட்டமாக, வழுவழுப்பாக, நீ கேட்டபடியே.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மீதி மூன்றில் ஒன்று அசையும் என்கிறார் டாக்டர்.

உன் கடிதங்கள் இழுப்பறையில் இல்லை. சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதை உனக்கு நான் எழுதவில்லை. எதனால் எழுதவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். உன்னை எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நான்கையும் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். இனிமேல் உன்னைத் தேடி வருவார்கள். மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ.

அக்கா


ஜனவரி 22

தம்பிக்கு,

நேற்றுக் கோர்ட்டில் உன்னைப் பார்த்தேன். மெலிந்துவிட்டாய். என் பக்கம் நீ திரும்பவே இல்லை. அதனால் நடந்ததில் எவ்வளவு உன் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

உன் கடிதங்களுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் வக்கீல் எழுந்து, "கடிதத்துல ஆயிரம் எழுதலாம். அந்தப் பக்கிள் எங்கே? வரைபடம் எங்கே? இவங்களால இப்ப வரைஞ்சு காட்ட முடியுமா?" என்று என் கையைக் காட்டிக் கேட்டார். நான் வரைய வேண்டியதில்லை, சொல்கிறேன், யாராவது வரையட்டும் என்றேன். நீதிபதி தன் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். கண்ணாடி போட்ட வயதான மனிதர். இதற்கு முன் என்னையோ உன் தொப்பியையோ பார்த்தவர் இல்லை.

பக்கிள் உயரம் ஐம்பது மில்லிமீட்டர் என்றேன். மூன்று கோடுகள். கோட்டின் அகலம் ஒன்று என்றால் இடைவெளி அரை. ஓரம் ஐந்து என்றால் நடு மூன்று. நடுக்கோட்டின் தலையில் பதினோரு டிகிரி. அவர் அளவுகோலும் கோணமானியும் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நிதானமாக வரைந்தார். வரைந்ததைக் கண்ணாடித் தாளில் எடுத்து, உடம்பின் அளவுக்கே பெரிதாக்கிய போட்டோவின்மேல் வைத்தார்கள். காதுக்குக் கீழே இருந்ததோடு ஒட்டிக்கொண்டது. முதுகில் இருந்ததோடும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றாகப் பதினேழையும் பார்த்தார்கள். லாரிக் கம்பியாக இருக்கக் கூடாதா என்று உங்கள் வக்கீல் கடைசியாகக் கேட்டார். லாரிக் கம்பிக்குப் பதினோரு டிகிரி தெரியாது என்றேன்.

இப்படி ஒரு நாளுக்காகத்தான் முப்பது வருடம் நிற்க வேண்டும் என்று நான் உழைத்தேனா? நெட்டையின் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, என் அளவு ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி மூடித் திறந்தாள். நான் சொன்ன எண்கள் எல்லாம் அவன் உடம்பில் இருந்தவை. வெளியே வந்ததும் அவள் என் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு பஸ் வரும்வரை நின்றாள்.

"குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்கு யார்?" என்று கேட்டார்கள். தம்பி என்றேன். அப்போது மட்டும் நீ தலையை நிமிர்த்தினாய்.

குட்டி என்னிடம்தான் இருக்கிறாள், அவள் அம்மாவும். முன்பல் முளைத்துவிட்டது. அங்கே மாத்திரை கொடுக்கிறார்களா? எழுது. எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

மாத்திரை கொடுக்கிறார்கள். உன் கை எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு அருகதை இல்லை, ஆனாலும் கேட்கிறேன். இழுப்பறையைக் கேப்டனிடம் சொன்னது நான்தான். கையைத் தொடக் கூடாது என்றும் சொல்லியிருந்தேன். அது ஒரு சமாதானமா என்று நீ கேட்பாய். இல்லை.

போன வியாழக்கிழமை காலை குளிக்கும் இடத்தில் என்னை அடித்தார்கள். நெட்டையோடு மூட்டை தூக்கிய இரண்டு பேர் வேறு வழக்கில் இங்கே இருக்கிறார்கள். வாளியால் அடித்தார்கள், கீழே விழுந்ததும் மிதித்தார்கள். இரண்டு விலா போய்விட்டது, ஒரு காது கேட்கவில்லை. நியாயம்தான், புகார் கொடுக்கவில்லை. இதை எழுதுவது அதற்காக இல்லை.

தரையில் கிடந்தபோது என்னை அறியாமல் "அக்கா" என்று கத்தியிருக்கிறேன். சின்ன வயதில் ஒரு நாளும் கூப்பிடாதவன் இப்போது கூப்பிட்டேன். அடித்தவன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அந்தச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கு நான் போதும் என்று கத்தவில்லை. உனக்குப் பொய் எழுதினேன். குடையைப் பிடித்துக்கொண்டு நான்கடி தூரத்தில் நின்றேன். பதினைந்தாவது அடியில் கேப்டனே கையை இறக்கிவிட்டு, போதுமா என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் நெட்டை சகதியிலிருந்து முகத்தைத் தூக்கிக் கூப்பிட்டான். அடிபட்டால் எல்லாரும் அம்மா என்பார்கள். அவன் அக்கா என்றான். வாட்டசாட்டமான ஆள், குழந்தை மாதிரி இரண்டு தடவை "அக்கா, அக்கா" என்றான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. உன் நினைப்பும் வந்தது. வந்ததால்தானோ என்னவோ கோபம் தலைக்கேறி, "இன்னும் ரெண்டு போடு" என்றேன்.

இதை அடுத்த விசாரணையில் நீதிபதியிடம் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் நீ அவன் அக்காவிடம் சொல்லிவிடு. அவன் கடைசியாக யாரைக் கூப்பிட்டான் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தம்பி